அடுத்த டவர் எவ்வளவு தூரத்தில்?

ஒரு டவருக்கும் அடுத்த டவருக்கும் இடையே 1,732 மீட்டர். 5ஜி-யைச் சோதித்துப் பார்க்க சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கணக்கில் வைத்திருந்த 'கிராமம்' அப்படிப்பட்டது. நம் ஊரில் அந்தத் தூரத்துக்கு ஒன்று நட்டால் எந்த நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும்?

சென்னை ஐஐடி, ஹைதராபாத் ஐஐடி ஆராய்ச்சியாளர்கள் விடவில்லை. இந்தியத் தரநிர்ணய அமைப்பான டிஎஸ்டிஎஸ்ஐ வழியாக வேறொரு கிராமத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வைத்தார்கள். டவர்களுக்கு நடுவே 6 கிலோமீட்டர். அங்கே போனோடு போகும் வண்டியின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். அதற்காகப் பிறந்ததுதான் '5ஜிஐ'. போனிலிருந்து டவருக்குப் போகும் அலையின் வடிவத்தைச் சற்றுத் திருத்தி, அதே போனைக் கூடுதல் வலுவோடு அனுப்பச் செய்வது அதன் முக்கியமான உத்தி. 2021-ல் ஒன்றியம் அங்கீகரித்தது. முகம் சுளித்தவர்கள் இங்குள்ள செல்போன் நிறுவனங்கள்தான். இந்தியாவுக்கென்று தனி சிப், தனிக் கருவி என்றால் விலை எகிறுமே என்றார்கள். நியாயமான பயம். கடைசியில் உலகத் தரங்களை எழுதும் 3ஜிபிபி-யின் 17-ஆம் வெளியீட்டில் 5ஜிஐ கலந்துபோனது. பெயர் போனதைத் தோல்வி என்றார்கள் சிலர். கேட்டது உள்ளே போய்விட்டதே, பெயர் எதற்கு?

இப்போது 6ஜி-க்கும் அதே இழுபறி. சாம்சங் 2020-லேயே நொடிக்கு 1,000 கிகாபிட், ஹோலோகிராம் என்று கனவு விரித்தது. அந்த வேகத்துக்கு டெராஹெர்ட்ஸ் அலைகள் வேண்டும். அவை ஒரு சுவரைத் தாண்டவே திணறும். சேவை நிறுவனங்களின் கூட்டமைப்பான என்ஜிஎம்என்னோ 2023-ல், 6ஜி என்ற பெயரில் 5ஜி கருவிகளைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டச் சொல்லக் கூடாது என்றது. கருவி விற்பவருக்கும் வாங்குபவருக்கும் கனவு ஒன்றாக இருக்குமா என்ன!

அதே ஆண்டு ஒன்றியம் வெளியிட்ட 6ஜி சட்டகம், கல்யாணப் பந்தி மாதிரி, எல்லோருக்கும் பிடித்ததை இலையில் வைத்தது. டவரே ராடார்போல் சுற்றியிருப்பதை உணரும் வசதியும் அதில் உண்டு. (யாரை உணரும், யாருக்குச் சொல்லும் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) எங்கும் இணைப்பு என்பதும் இருக்கிறது. ஆனால் கருவியை மாற்றாமல் செய்ய சேவை நிறுவனங்கள் விரும்பும் மென்பொருள் மாற்றம், ஏற்கெனவே டவர் நிற்கும் ஊருக்குத்தான் உதவும். டவரே இல்லாத மலைக்கிராமத்துக்குச் செயற்கைக்கோளைக் கைகாட்டுகிறார்கள். சாதாரண போனில் இப்போதைக்கு அதனிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது.