கலைத்துப் போட்ட எட்டுச் சோதனைகள்

கொல்கத்தாவில் ஒரு பயன்பாட்டு இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஆய்வு மாணவனாகச் சேர்ந்த புதிதில், சோதனையைத் திட்டமிடக் கம்ப்யூட்டர் எதற்கு என்றுதான் நினைத்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே விடு. பள்ளியில் படித்தது அதுதானே!

என் வேலை, துத்தநாக அசிடேட் கரைசலைச் சூடான கண்ணாடிமேல் தெளித்து, மின்சாரம் கடத்தும் மெல்லிய படலம் உண்டாக்குவது. கண்ணாடியின் சூடு, கரைசலின் செறிவு, தெளிக்கும் வேகம் என மூன்று காரணிகள்; ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலைகள். ஆக 8 சோதனைகள். சூட்டின் விளைவு என்பது மேல்நிலை நான்கின் சராசரிக்கும் கீழ்நிலை நான்கின் சராசரிக்கும் உள்ள வித்தியாசம். செறிவுக்கும் வேகத்துக்கும் அதே எட்டே போதும். சூடு கூடினால் மட்டும் செறிவு வேலை செய்கிறதா என்ற கூட்டு விளைவும் தெரிந்துவிடும்; ஒவ்வொன்றாக மாற்றினால் அது கண்ணில் படாது.

மென்பொருள் எட்டையும் சீட்டுக் கலைத்த மாதிரி வரிசைப்படுத்திக் கொடுத்தது. 350 டிகிரி, அடுத்து 450, திரும்ப 350. சூடு ஆறும்வரை யார் காத்திருப்பது? 350 நான்கையும் திங்களன்றும், 450 நான்கையும் செவ்வாயன்றும் முடித்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம்! சூடு கூடினால் மின்தடை வெகுவாகக் குறைகிறது என்று கருத்தரங்குக்குச் சுருக்கமும் அனுப்பியாயிற்று.

அடுத்த மாதம் மறுபடி செய்தபோது அந்த விளைவில் பாதிகூட வரவில்லை. அந்தத் திங்களன்று நல்ல மழை, செவ்வாயன்று வெயில். இடையில் தெளிப்பானையும் கழுவியிருந்தேன். சூடும் நாளும் ஒன்றாகவே மாறியதால், எது காரணம் என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியவில்லை. வழிகாட்டி திட்டவில்லை. "வரிசையை மாத்தினது கம்ப்யூட்டரா, நீயா?" என்று மட்டும் கேட்டார். சுருக்கத்தைத் திரும்பப் பெற்றேன்.

1920-களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் ரொனால்ட் ஃபிஷர் எதிர்கொண்டதும் இதே சிக்கல்தான். மண்ணின் வளம் இடத்துக்கு இடம் மாறும். அதனால் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கிப் போட்டே முடிவு செய்யச் சொன்னார்.

காரணிகள் பெருகும்போதுதான் கம்ப்யூட்டரின் அருமை தெரியும். ஏழு காரணி என்றால் 128 சோதனை. 'ஆர்த்தகனல் அரே' எனும் சமநிலை அட்டவணை கொண்டு, எட்டிலேயே முக்கிய விளைவுகளை மதிப்பிடலாம். அதை 1947-இல் உருவாக்கியவர் நம்ம ஊர் பாராநகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சி.ஆர். ராவ். சும்மா கிடைப்பதில்லை, கூட்டு விளைவுகள் முக்கிய விளைவுகளோடு கலந்துவிடும். கண்ணாடி விரிசல் விடும் சேர்க்கைகளை விலக்கச் சொன்னால், மிச்சத்தில் சிறந்ததையும் மென்பொருளே தேடித் தரும்.

இப்போது என் மாணவர்களுக்கு வரிசைத்தாளைக் கருவியின் மேலேயே ஒட்டிவிடுகிறேன். சூடு ஆறும்வரை டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.