இரகசியத் திறப்பு

ஒட்டிய உறைக்குள் இருக்கும் கடிதத்தைத் தபாற்காரர் படிப்பதில்லை. எனினும் விலாசத்தைப் படிக்கிறார். இணையத்திலும், செய்தி மறைந்திருப்பினும் அது செல்லுமிடத்தை வழியிலுள்ளோர் அறிதல் கூடும். அக்கடிதத்தைப் பூட்டிய வேறோர் உறையிலிட்டு, நாம் நம்பும் ஒரு கணினிக்கு அனுப்பி, அங்கிருந்து உரிய இடம் சேர்ப்பிப்பதே வீ.பி.என். என்னும் ஏற்பாடாகும்.

2020ஆம் ஆண்டில் லினக்ஸ் இயக்குதளத்தின் மையப்பகுதியிலேயே சேர்க்கப்பட்ட வயர்காட் இதற்கு எளிய சாதனம். கட்டளை வரியில் ‘டபிள்யூ.ஜி. ஜென்கீ’ என்று இட்டால் இரகசியத் திறப்பு பிறக்கும். அதிலிருந்து ‘டபிள்யூ.ஜி. பப்கீ’ பகிரங்கத் திறப்பை ஆக்கித் தரும். இரு கணினிகளிலும் இவ்வாறு செய்து, பகிரங்கத் திறப்புகளை மட்டும் பரிமாறி, மறுமுனையின் விலாசத்தோடு அமைப்புக் கோப்பில் பதிதல் வேண்டும். இரகசியத் திறப்போ பிறந்த கணினியை விட்டு நீங்கலாகாது. அது களவுபோனால், கள்வன் நம் பெயரிலேயே உள்ளே நுழைவான்.

பின்னர் ‘டபிள்யூ.ஜி.-குயிக் அப்’ என்பதோடு அக்கோப்பின் பெயரையும் சேர்த்து இட்டால் பாதை எழும். திறப்புகள் பொருந்தாவிடினும் வயர்காட் குறை கூறாது; மௌனமாகவே இருக்கும். ஆதலால் ‘டபிள்யூ.ஜி. ஷோ’ என்று வினவி, இரு கணினிகளும் கைகுலுக்கிய நேரம் காட்டப்படுகிறதா எனப் பார்த்த பின்னரே அப்பாதையை நம்புதல் தகும்.