மைல் மீற்றரும் கிலோமீற்றர் விலையும்

"ஹாஜியார், கண்டி ரோட்டைச் சுருக்கிட்டாங்களா? கொழும்பிலிருந்து வீட்டுக்கு வந்து சேர எழுபத்திரண்டுதான் காட்டுது!"

2007இல் ஒரு நாள் இரவு எனக்கு வந்த தொலைபேசி அழைப்பு இது. பேசியவர் கண்டியில் புடவைக் கடை வைத்திருப்பவர். அன்று காலைதான் என்னிடம் ஒரு காரை வாங்கிக்கொண்டு போனார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறக்குறைய 116 கிலோமீற்றர். நமது வாப்பாமார் காலத்தில் அதைத்தான் 72 மைல் என்பார்கள். அப்படியானால் கார் எண்ணிக்கொண்டிருந்தது மைலை.

அது இங்கிலாந்திலிருந்து வந்த ஐரோப்பியக் கார். கொழும்பில் ஒரு வியாபாரியிடமிருந்து நான் எடுத்தபோது மீற்றரில் 38,000 இருந்தது. வேக முள்ளின் கீழே அழகாக "கி.மீ." என்று போட்டிருந்தது. நானும் கிலோமீற்றர் என்றே நம்பி, கிலோமீற்றர் என்றே சொல்லி விற்றேன். உண்மையில் அது 38,000 மைல். கிலோமீற்றரில் 61,155. ஒரு மைல் 1.609 கிலோமீற்றர் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்த கணக்குத்தான். ஆனால் காரின் பளபளப்பில் அது ஞாபகம் வரவில்லை.

நடந்தது என்ன என்பதை மறுநாள் மீற்றர் வேலை தெரிந்த ஒரு பாஸ் கழற்றிக் காட்டினார். பழைய முகப்புத் தகட்டின் மேல் கிலோமீற்றர் எண்கள் அச்சிட்ட மெல்லிய தகடு ஒன்றை ஒட்டியிருந்தார்கள். முள் அதே கோணத்தில்தான் திரும்புகிறது. முன்பு 60 இருந்த இடத்தில் இப்போது 97க்குச் சற்றுக் குறைவாக அளவு வருகிறது. ஆகவே வேகம் சரியாகவே காட்டும். ஆனால் ஓடிய தூரத்தை எண்ணும் பகுதிக்கு இந்த ஸ்டிக்கரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது தன்பாட்டில் மைலையே எண்ணிக்கொண்டிருக்கும். "மைல்" என்று அச்சிட்டிருந்த இடத்தையும் புதிய தகடு மூடிவிட்டது.

விலையில் மட்டும்தான் நட்டம் என்று நினைக்க வேண்டாம். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றுகிறோம் என்று நினைப்பவர் உண்மையில் 8,047 கிலோமீற்றர் ஓடிய பிறகே மாற்றுவார். ஒரு இலட்சம் கிலோமீற்றரில் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட்டுக்கு அந்த மீற்றர் 62,000 காட்டும்போதே தவணை முடிந்துவிடும். "இன்னும் எவ்வளவோ இருக்கு" என்று ஓடுவார். பெல்ட் அறுந்தால் பல இஞ்சின்களில் வால்வுகள் வளைந்து, செலவு இலட்சக் கணக்கில் போகும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் மீண்டும் திறக்கப்பட்டதால், இந்த விடயத்தை எழுத வேண்டும் என்று தோன்றியது. ஜப்பானில் ஓடிய வாகனங்களில் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே எல்லாம் கிலோமீற்றர். ஆனால் ஜப்பான் பெயர் இருந்தாலும் இங்கிலாந்தில் ஓடிய வாகனம் என்றால் மைல்தான். நிஸான் 1986 முதலும் டொயோட்டா 1992 முதலும் அங்கேயே கார் செய்கின்றன. நம்மைப் போல் அவர்களும் வீதியின் இடது பக்கம் ஓட்டுபவர்கள் என்பதால் அந்தக் கார்கள் நமக்கும் பொருந்துகின்றன.

மாற்றும் வேலையை முறையாகச் செய்யலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை. பல புதிய கார்களில் திரையிலுள்ள மெனுவிலேயே அலகை மாற்றும் வசதி உண்டு. சிலவற்றில் கராஜில் ஸ்கேனர் போட்டு மாற்ற வேண்டும். சரியாக மாற்றினால் ஓடிய தூரமும் சேர்ந்தே மாறும்: 38,000 இருந்த இடத்தில் 61,155 வந்து நிற்கும். இதைப் பார்த்துச் சிலர் பயந்துவிடுகிறார்கள். இலக்கம் கூடிவிட்டதே, வாங்க வருபவர் ஓடிவிடுவாரே என்று மீண்டும் 38க்கு இறக்கச் சொல்கிறார்கள். அந்த இடத்தில்தான் திருத்த வேலை களவு வேலையாகிறது. பல ஐரோப்பியக் கார்களில் மீற்றரில் மட்டுமல்லாமல் வேறு கணினிப் பெட்டிகளிலும் ஓடிய தூரம் பதிவாகியிருக்கும். ஸ்கேனர் தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

பஞ்சிகாவத்தையில் பழைய கிலோமீற்றர் மீற்றர் ஒன்றை வாங்கி முழுதாகவே மாற்றுவோரும் உண்டு. அதில் இருப்பது வேறொரு காரின் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. சில கார்களில் களவுத் தடுப்புப் பூட்டு மீற்றருக்குள்ளேயே இருப்பதால், சாவியை அதற்குப் பழக்காவிட்டால் இஞ்சின் ஸ்டார்ட் ஆகி மறு விநாடியே நின்றுவிடும். இன்னொரு முறை, சென்ஸருக்கும் மீற்றருக்கும் இடையில் சிறு பெட்டி ஒன்றைப் பொருத்தி, வரும் துடிப்புகளை 1.609 மடங்காக்குவது. முள் கிலோமீற்றர் காட்டும், அன்றிலிருந்து கணக்கும் கிலோமீற்றரில் ஏறும். ஆனால் அதற்கு முன் இருந்தது மைல். ஒரே இலக்கத்தில் இரண்டும் கலந்துவிடும். பொருத்திய திகதியையும் அன்றைய இலக்கத்தையும் எழுதி வைக்காவிட்டால் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

பழைய ஒஸ்டின், மொரிஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் கியர்பொக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அது அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, முள் ஏறுகிறது. தூரம் எண்ணுவதோ பல்சக்கரம். முகப்பை மட்டும் மாற்றினால் பல்சக்கரம் மைலிலேயே ஓடும். என்னைக் கேட்டால் அவற்றை அப்படியே விட்டுவிடுவதே அழகு. கிழக்கிலும் புத்தளத்திலும் இன்றும் ஊர்களை "ஐந்தாம் கட்டை", "பத்தாம் கட்டை" என்று மைல் கணக்கில்தானே சொல்கிறோம்! 50 கிலோமீற்றர் எல்லைக்கு 31, 70க்கு 43, நெடுஞ்சாலையின் 100க்கு 62 என்று ஞாபகம் வைத்தால் போதும்.

வாங்கும்போது எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்கி, வீதியோரக் கிலோமீற்றர் கல் பார்த்துப் பத்துக் கல் ஓட்டுங்கள். பத்து வந்தால் கிலோமீற்றர். ஆறு சொச்சம் வந்தால் மைல். கார் மூன்று வருடத்துக்கு மேற்பட்டதென்றால் பிரித்தானியப் பதிவிலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அங்கே மூன்றாம் வருடம் முதல் வருடாந்தப் பரிசோதனை கட்டாயம். 2005 முதலான பரிசோதனைகளில் மீற்றர் என்ன காட்டியது என்பதை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். விற்பவர்கள் பற்றுச்சீட்டிலேயே "38,000 மைல், அதாவது 61,155 கி.மீ., மீற்றர் மாற்றப்பட்டது" என்று திகதியுடன் எழுதிவிடுங்கள். ஒரு வரிதான், பின்னால் வரும் சண்டையை அது நிறுத்தும்.

எனக்கு விற்ற வியாபாரியிடம் போனேன். "நான் மைல் என்றும் சொல்லல்ல, கிலோமீற்றர் என்றும் சொல்லல்ல, மீற்றரைத்தான் காட்டினேன்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் வேதனை. கண்டிக்காரருக்கு விலை வித்தியாசத்தை என் கையிலிருந்தே கொடுத்தேன். காரைத் திருப்பித் தரவும் சொன்னேன், அவர் சம்மதிக்கவில்லை. பிடித்துப்போய்விட்டதாம். சில வருடங்களுக்குப் பிறகு அந்தக் காரைக் கண்டேன். ஒட்டிய தகட்டைக் கழற்றிவிட்டு, மைலிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங் பக்கத்தில் 31, 43 என்று எழுதிய சிறு கடதாசி ஒன்று ஒட்டியிருந்தது.