கீலுக்கு வர்ணம் அடிக்காதே!



புதிதாகப் பெயின்ட் அடித்த மோட்டார் சைக்கிள் பளபளவென்று நின்றால் நாமும் ஒரு நிமிடம் நின்று பார்ப்போம். ஆனால் அதே வண்டியில் பெயின்ட் படவே கூடாத இடமும் உண்டு. அது எனக்குத் தெரியாததால் ஒரு பெரியவரின் முகம் வாடியது. அந்தப் பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் திருநாவலூர். போன செமஸ்டர் விடுமுறையில், உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் ஒரு டிங்கரிங், பெயின்டிங் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். பரீட்சைக் கட்டணத்துக்கு அந்தக் கூலியைத்தான் நம்பியிருந்தேன். ஒருநாள் பழைய இங்கிலாந்து வண்டி ஒன்று வந்தது. டேங்கில் பெயர்ப் பட்டை இல்லை. ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். அதன் பின் மட்கார்டு இரண்டு துண்டாக இருந்தது. நடுவில், கதவுக்கு இருப்பது போல ஒரு கீல். வால் பகுதியை அப்படியே மேலே தூக்கி மடக்கலாம்.

எதற்கு இந்தக் கீல்?

நம்ம ஊர் புல்லட்டில் பஞ்சர் ஆனால் என்ன செய்கிறார்கள்? சென்டர் ஸ்டாண்டு போட்டு, அச்சை உருவி, வண்டியை ஒரு பக்கம் சாய்த்து வீலை வெளியே எடுக்கிறார்கள். சில பழைய வண்டிகளில் மட்கார்டு வீலின் மேல் ஆழமாக இறங்கியிருக்கும். வீலைப் பின்னால் இழுத்தால் மட்கார்டு வால் மறிக்கும். அதற்காகத்தான் கீல். இங்கிலாந்தின் வின்சென்ட் வண்டிகள் இதற்குப் பேர் போனவை. அவற்றின் அச்சையும் ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே திருகிக் கழற்றலாம். அந்தக் கம்பெனி மோட்டார் சைக்கிள் உற்பத்தியை 1955-இல் நிறுத்தியது. அமெரிக்காவின் பழைய ஹார்லி-டேவிட்சன்களிலும் கீல் வைத்த மட்கார்டு உண்டு. ஆக, இது அழகுக்கு வைத்தது அல்ல. நடுரோட்டில் நிற்பவனுக்காக வைத்தது.

நான் செய்த தப்பு

மட்கார்டைக் கழற்றினேன், கீல் ஊசியைக் கழற்றவில்லை. துருப்பிடித்து இறுகியிருந்தது. "இது எதுக்கு, மூடின மாதிரியே அடிச்சிடலாம்" என்று பட்டி பூசி, தேய்த்து, கறுப்பு அடித்துவிட்டேன். இரண்டு துண்டும் ஒரே தகடு போல ஜொலித்தது. எனக்கே பெருமை.

வண்டியை எடுக்க வந்த பெரியவர், ஓய்வு பெற்ற வாத்தியார், தடவித் தடவிப் பார்த்தார். "பஞ்சர் ஆனா எங்கப்பா இப்படித்தான் தூக்குவார், பாரு தம்பி" என்று எனக்குக் காட்டுவதற்காக வாலைத் தூக்கினார். பட்டென்று ஒரு சத்தம். உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்டும் பட்டியும் உரிந்து தரையில் விழுந்தன. அவர் திட்டவில்லை. உரிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "சரி, மெதுவா செய்ங்க" என்று சொல்லி பஸ் ஏறினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுவேலைக்கு ஆன சாமான் காசை என் கூலியில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். "கழட்டாம அடிச்சதை நானும் பார்த்துட்டுத்தானேடா இருந்தேன்" என்று பட்டறை அண்ணன் பாதியைத்தான் பிடித்தார்.

ஏன் உரிந்தது?

காய்ந்த பெயின்ட் ஒரு மெல்லிய தோல். இரண்டு தகடுகளின் இடைவெளி மேல் அது பாலம் போலப் படர்ந்துவிடுகிறது. தகடு திரும்பும்போது தோலால் அந்த அளவுக்கு நீள முடியாது, கிழிகிறது. பட்டி அதைவிட மோசம், வளையவே வளையாது. கிழிந்த இடத்தில் தண்ணீர் நுழைந்து, பெயின்டுக்கு அடியில் துரு பரவும். வெளியே தெரியும்போது தகடு ஓட்டையாகியிருக்கும்.

கணக்கும் பார்ப்போம். பிரைமர், சர்பேசர், கலர், கிளியர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 மைக்ரான், அதாவது 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கீல் துளைக்குள் அது இரண்டு பக்கமும் படிந்தால் துளையின் விட்டம் 0.2 மில்லிமீட்டர் குறையும். பிறகு ஊசி எப்படி நுழையும்? சுத்தியலால் அடித்து நுழைத்தால் பெயின்ட் தெறிக்கும்.

சரியான முறை

1. டெயில் லாம்ப் ஒயர், நம்பர் பிளேட், தாங்கு கம்பிகள் எல்லாவற்றையும் கழற்றி, எது எங்கே என்று படம் வரைந்து வையுங்கள். கீலைத் தாண்டிப் போகும் ஒயருக்குக் கொஞ்சம் தளர்வு வேண்டும்.

2. கீல் ஊசியை டீசலில் ஓர் இரவு ஊற விடுங்கள். ஊசியின் முனை அடித்து மடக்கப்பட்டிருந்தால் அரத்தால் ராவி, கீலுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, ஊசியைவிடச் சிறிய பஞ்சால் தட்டி எடுங்கள். வாஷர்களின் வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. பழைய பெயின்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டிலேயே ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல்தான் வந்தது. தண்ணீர் விட்டுத் தேயுங்கள். முகமூடி அவசியம்.

4. பெயின்டுக்கு முன்பே இரண்டு துண்டையும் ஊசி போட்டுச் சேர்த்து, திறந்து மூடிப் பாருங்கள். எங்கே உரசுகிறதோ அங்கே இப்போதே தட்டிச் சரிசெய்யுங்கள். கீலுக்கு இரண்டு விரல் தூரம் வரை பட்டி வேண்டாம்.

5. மறுபடி பிரியுங்கள். துளைகளில் உருட்டிய காகிதம் அடைத்து, கீல் முட்டிகள் ஒன்றோடொன்று உரசும் முகங்களில் டேப் ஒட்டுங்கள். தகட்டின் ஓரங்களுக்கும் உள்பக்கத்துக்கும் பிரைமர் கட்டாயம். சேறும் கல்லும் அடிப்பது உள்ளேதான்.

6. இரண்டு துண்டுக்கும் ஒரே நாளில், ஒரே கலவையில், மெல்லிய கோட்டாக அடியுங்கள். ஒரு கோட் இழுத்த பிறகு அடுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் என்.சி. பெயின்ட் அடித்தால் வெளுத்துப் பால் பூத்துவிடும். வெயில் நாளாகப் பாருங்கள்.

7. கோடு போடுவதானால் இடைவெளியில் கோட்டை நிறுத்தி அடுத்த துண்டில் தொடருங்கள். 1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்ட திருவொற்றியூரில், புல்லட் டேங்கின் தங்கக் கோடுகளைப் பிரஷ் பிடித்துக் கையாலேயே வரைந்தார்கள். அவசரமில்லாத கைக்குத்தான் கோடு வரும்.

8. ஒரு வாரம் காய விட்டு, ஊசிக்குக் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள்.

இரண்டாம் முறை இப்படித்தான் செய்தோம். வாத்தியார் வந்து வாலைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். சத்தமே இல்லை. சிரித்தார்.

வீட்டில் இதைச் சொன்னபோது, பள்ளிக்கூடமே போகாத என் அப்பா கேட்டார்: "மாட்டு வண்டிக்கு வர்ணம் அடிக்கிறவன் அச்சுக்கும் சேர்த்தாடா அடிப்பான்? அச்சுக்கு வண்டி மைதானே போடுவான்?" நான்கு செமஸ்டர் படித்த எனக்கு அது தோன்றவில்லையே! அசையாத இடத்துக்கு வர்ணம், அசையும் இடத்துக்கு மை. அவ்வளவுதான் விஷயம்.

கோவை ஜி.டி.நாயுடு ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த 300 ரூபாயில் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்றார் என்பார்கள். 1945-இல் கோவையில் பாலிடெக்னிக் ஒன்று தொடங்கக் காரணமாக இருந்தவரும் அவரே. டிப்ளமோ படிக்கும் நமக்கு அவர் காட்டிய வழி அதுதான். மேலே பூசுவதற்கு முன் கழற்றிப் பார்ப்போம், நண்பர்களே!



— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை