லோணார்: கரும்பாறை நிலத்தில் ஒரு புனித ஏரி

மும்பையில் வாழும் நாம் எரிமலைக் கல்லின் நடுவே வாழ்கிறோம் என்பதை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. செம்பூருக்கு அப்பால் தெரியும் டிராம்பே குன்றுகளும், அந்தேரியில் தூண்களை நிறுத்தி வைத்தாற்போல் நிற்கும் கில்பர்ட் குன்றும் இக்கல்லால் ஆனவை. புனாவுக்குச் செல்லும் வழியில் படிபடியாய் உயரும் மலைகளும் அவ்வாறே. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பெருகியோடிய நெருப்புக் குழம்பு குளிர்ந்து இறுகியதே இக்கரும்பாறை.

இந்நிலத்தில்தான், மகாராஷ்டிர மாநிலத்தின் புல்டாணா மாவட்டத்தில், லோணார் என்னும் சிற்றூர் இருக்கிறது. அதன் ஓரத்தில் நிலம் திடீரென்று வட்டமாக உள்ளிறங்கி, ஒரு பெருங்கிண்ணம்போல் காட்சி தருகிறது. கிண்ணத்தின் குறுக்களவு சுமார் 1.8 கிலோமீட்டர். சரிவெங்கும் காடு, அடியில் உப்பும் காரமும் கலந்த ஏரி, கரையில் பழங்கோயில்கள்.

ஆப்பிரிக்காவின் எத்தியோப்பியா நாட்டில் சுக்வாலா என்றொரு பழைய எரிமலை உண்டு. காடடர்ந்த அம்மலையின் உச்சிவாயில் ஓர் ஏரியும் அருகே ஒரு மடமும் இருக்கின்றன. அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் அந்த ஏரியைப் புனிதமாகப் போற்றி மலையேறிச் செல்கின்றனர். லோணாரைப் பார்ப்பவருக்கும் அதுபோன்ற எரிமலை வாய் ஒன்றைக் காண்பதாகவே தோன்றும். ஆனால் இங்கே ஏறுவதற்கு மலை இல்லை. கிண்ணத்தின் விளிம்பு சுற்றுவெளியைவிடச் சுமார் 20 மீட்டரே உயர்ந்தது. அங்கிருந்து ஏரிக்கு ஏறத்தாழ 137 மீட்டர் கீழே இறங்க வேண்டும். யாத்திரை இங்கே இறக்கத்தில் தொடங்கி ஏற்றத்தில் முடிகிறது.

மும்பையிலிருந்து செல்வோர் மன்மாட் வழியாக ரயிலில் ஜால்னாவை அடைந்து, அங்கிருந்து சாலை வழியே லோணார் சேரலாம். மழை ஓய்ந்தபின் வரும் குளிர்மாதங்களே நடப்பதற்கு ஏற்றவை. கோடையில் கரும்பாறை அனலைக் கக்கும். விளிம்பின் ஓரிடத்தில், கோமுகத்தின் வழியாக இடையறாது நல்ல நீர் வீழ்கிறது. 'தார்' என்று ஊரார் அழைக்கும் அத்தீர்த்தத்தில் நீராடுவோர் பலர். அங்கிருந்து இறங்கும் பாதை வேம்பும் புளியும் தேக்கும் நிறைந்த காட்டுக்குள் செல்லும். மயிலின் அகவலைக் கேட்கலாம், குரங்குகளையும் காணலாம். மரங்களிடையே சிதைந்த கற்கோயில்கள் ஒவ்வொன்றாகப் புலப்படும். ஏரிக்கரையில் கமலஜா தேவியின் கோயில் உள்ளது. நவராத்திரியில் அங்கே திருவிழா நடைபெறும். அதன் அருகே 'மாமியார் மருமகள் கிணறு' என்றொரு கிணறு உண்டு. அதன் ஒரு பக்கத்து நீர் இனிக்கும், மறுபக்கத்து நீர் கரிக்கும் என்பர் ஊரார்.

இக்கிண்ணம் எவ்வாறு தோன்றியது? ஊரார் கூறும் கதை இது. லோணாசுரன் என்னும் அரக்கன் இந்நிலத்தடியில் ஒளிந்திருந்து மக்களை வருத்தினான். திருமால் தம் கால் விரலால் நிலத்தின் மூடியைப் பெயர்த்து அவனை வதைத்தார். ஏரி நீர் அவன் குருதி; அதில் விளையும் உப்பு அவன் தசை. ஊரினுள் உள்ள தைத்யசூதனர் கோயில் அத்திருமாலுக்கே உரியது. வடமொழியில் உப்புக்கு லவணம் என்று பெயர். அச்சொல்லின் எதிரொலியை ஊரின் பெயரிலும் அசுரனின் பெயரிலும் கேட்கிறோம்.

அறிஞர்களும் இவ்வினாவுக்கு விரைவில் விடை காணவில்லை. ஆங்கில அதிகாரியான அலெக்சாண்டர் 1823-இல் இவ்விடத்தைக் குறித்து எழுதினார். சுற்றிலும் எரிமலைப் பாறையே இருந்ததால், இதுவும் எரிமலையின் வாய் என்று எண்ணுவது இயல்பாயிற்று. 1896-இல் அமெரிக்கப் புவியியல் அறிஞர் ஒருவர் அரிசோனாவிலுள்ள பெருங்குழியை இதனோடு ஒப்பிட்டு, நிலத்தடி நீராவியின் வெடிப்பே காரணமாகலாம் என்று கருதினார். ஆனால் அரிசோனாக் குழி விண்கல் வீழ்ந்து உண்டானது என்பது பின்னர் உறுதியாயிற்று.

லோணாரின் வழக்கு 1973-இல் தீர்ந்தது. இந்திய, அமெரிக்க ஆராய்ச்சியாளர் இங்கு கிடைத்த பாறைத் துணுக்குகளைச் சோதித்தனர். பாறையின் ஒரு கனிமம் உருகாமலே கண்ணாடித் தன்மை அடைந்திருந்தது. அதனை மாஸ்கலினைட் என்பர். அளவு கடந்த அழுத்தம் ஒரு கணத்தில் தாக்கினாலன்றி அது உண்டாகாது. எந்த எரிமலைக்கும் அவ்வலிமை இல்லை. ஆகவே குளிர்ந்து கிடந்த கரும்பாறையின்மேல் விண்ணிலிருந்து வந்த கல்லொன்று மோதிப் பறித்த குழியே இது. மோதிய காலம் 50 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் என்று ஒரு முறையும், 5 இலட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் என்று 2011-இல் வெளியான மற்றொரு முறையும் கணக்கிடுகின்றன. எதைக் கொண்டாலும் பாறையின் வயதுக்கு முன் குழியின் வயது நேற்றையதே. சந்திரனின் பரந்த சமவெளிகளும் இத்தகைய கரும்பாறையே ஆதலால், அங்குள்ள குழிகளை அறிய விரும்புவோர் லோணாரை நாடி வருகின்றனர்.

ஆப்பிரிக்காவின் கானா நாட்டிலும் காடு சூழ்ந்த பொசும்ட்வி ஏரி இவ்வாறே நெடுங்காலம் எரிமலையா விண்கல்லா என்னும் ஐயத்துக்கு இடமாயிருந்து, முடிவில் விண்கல்லின் வடு என்று தெளிந்தது. அசாந்தி மக்களுக்கு அது தெய்வ ஏரி. இறந்தோர் உயிர் அங்கு வந்து தெய்வத்திடம் விடைபெற்றுச் செல்வதாக நம்புகின்றனர். ஏரி நீரில் இரும்பு படலாகாது என்று விலக்கி, மரப்பலகைமீது அமர்ந்தே மீன் பிடித்து வந்தனர்.

லோணாருக்கும் இவ்வாறான காப்பு வேண்டும். ஏனெனில் இதன் இயல்பே நுட்பமானது. ஏரிக்குள் மழையும் ஊற்றும் வருகின்றன. வெளியேற ஆறோ கால்வாயோ இல்லை. நீர் ஆவியாகி மறைய, அது கொணர்ந்த உப்பும் சோடாவும் தங்கிவிடுகின்றன. அக்கார நீரில் நம் குளத்து மீன்கள் வாழா. அதற்கென்றே அமைந்த நுண்பாசிகள் பெருகி நீரைப் பச்சையாக்குகின்றன. 2020 ஜூன் மாதத்தில் ஏரி இளஞ்சிவப்பாக மாறியபோது மக்கள் வியந்தனர். நீர் குறைந்து உப்பு மிகுந்ததால், உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகித் தம் நிறத்தைக் காட்டின என்று புனாவின் அகர்க்கர் ஆராய்ச்சி நிலையத்தார் விளக்கினர்.

சுற்றிலும் கிணறுகள் மிகுந்து ஊற்றைக் குடித்துவிட்டால் ஏரி சுருங்கும். ஊர்ச் சாக்கடையும் வயல் உரமும் சேர்ந்தால் நீரின் காரம் கெட்டு, அதற்கென்றே வாழும் உயிர்கள் அழியும். நம் ஊர்க் கண்மாய்களை வளைத்த சீமைக்கருவேல் இச்சரிவிலும் பரவியிருந்தது. இக்கேடுகளைப் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை பல ஆண்டுகளாக விசாரித்து வந்துள்ளது. வனவிலங்குக் காப்பிடமான லோணார், 2020-இல் ராம்சர் உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது.

சட்டம் செய்வதைச் செய்யட்டும். செல்வோர் செய்யவேண்டியதும் உண்டு. தீர்த்தத்தில் சோப்பைத் தவிர்ப்பதும், பூசைப் பொருளின் பிளாஸ்டிக் உறைகளைத் திரும்பக் கொண்டு வருவதும், பாறைத் துணுக்குகளை நினைவுப் பொருளென்று எடுத்து வராதிருப்பதும் எளியவையே. அச்சிறு துணுக்குகளே லோணாரின் வரலாற்றைச் சொன்ன சாட்சிகள். தாராவியிலும் மாட்டுங்காவிலும் உள்ள நம் இளைஞர் விடுமுறையில் லோணாருக்குச் செல்லட்டும். கோயிலை வணங்குவோர் பாறையையும், பாறையை ஆராய்வோர் கோயிலையும் மதித்துத் திரும்பட்டும்.