மடிக்கணினியின் திரை அளவு: 14 அங்குலமா, 15.6 அங்குலமா?

மடிக்கணினியின் திரை அளவு என்பது, திரையில் ஒளிரும் பகுதியின் ஒரு மூலைக்கும் அதன் எதிர்மூலைக்கும் இடையே உள்ள தூரம். இது அங்குலத்தில் சொல்லப்படுகிறது. திரையைச் சுற்றியுள்ள கறுப்பு விளிம்பு இந்தக் கணக்கில் சேராது. இன்று விற்பனையில் உள்ளவை பெரும்பாலும் 13 முதல் 16 அங்குலம் வரையானவை. 11.6 அங்குலச் சிறு கணினிகளும் 17.3 அங்குலப் பெரிய கணினிகளும் ஓரளவு கிடைக்கின்றன.

பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவர் கடைக்குச் சென்றால், அவர் முன் வைக்கப்படுபவை பெரும்பாலும் 14 அங்குலமும் 15.6 அங்குலமும்தான். பெரிய திரை என்பதற்காக விலை கூடும் என்று எண்ண வேண்டாம். அடிப்படை மாடல்களில் 15.6 அங்குலமே பல நேரம் மலிவாக இருக்கும். மெலிந்து எடை குறைந்த 13 அங்குலக் கணினிக்குத்தான் விலை ஏறும். ஆகவே "அதே விலைக்குப் பெரிதாகக் கிடைக்கிறதே" என்று பெற்றோர் பெரியதை வாங்கிவிடுகிறார்கள். நினைவகத்தைப் பின்னால் கூட்டிக்கொள்ளப் பல கணினிகளில் வழியுண்டு. திரை அளவை மாற்ற வழியில்லை. நான்கு ஆண்டுகள் உடன் வரப்போகும் பொருள் என்பதால், அந்த அங்குல எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்த்துவிடுவது நல்லது.

மூலைவிட்டம் சொல்வதும் சொல்லாததும்

மூலைவிட்டம் மட்டும் தெரிந்தால் ஒரு செவ்வகத்தின் பரப்பைச் சொல்ல முடியாது. நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதமும் தெரிய வேண்டும். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமே இதற்குப் போதும்.

பழைய மடிக்கணினிகளின் திரை 4:3 விகிதத்தில் இருந்தது. 3, 4, 5 என்ற செங்கோண முக்கோணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூலைவிட்டம் 15 அங்குலம் என்றால் அகலம் 12, உயரம் 9, பரப்பு 108 சதுர அங்குலம். இன்றைய 15.6 அங்குலத் திரை 16:9 விகிதத்தில் இருந்தால் அகலம் 13.6, உயரம் 7.65, பரப்பு ஏறத்தாழ 104 சதுர அங்குலம். எண் பெரிதாகியிருக்கிறது, திரை சிறிதாகியிருக்கிறது! உயரத்தில் மட்டும் 3.4 சென்டிமீட்டர் குறைவு.

2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் மடிக்கணினிகள் 16:9 விகிதத்துக்கு மாறின. தொலைக்காட்சிப் பெட்டியின் விகிதமும் அதுவே. ஒரே விகிதத்தில் திரைகளை வெட்டி எடுப்பது தயாரிப்பாளருக்கு ஆதாயம். திரைப்படம் பார்ப்பவருக்கும் வசதி. படிப்பவருக்கும் எழுதுபவருக்கும்தான் இழப்பு. பக்கம் என்பது கீழ்நோக்கி நீள்வது. ஏ4 தாளின் உயரம் 29.7 சென்டிமீட்டர், 16:9 விகித 15.6 அங்குலத் திரையின் உயரம் 19.4. மேலே உலாவியின் பட்டைகளும் கீழே பணிப்பட்டையும் எடுத்துக்கொண்ட பிறகு, உண்மை அளவில் அரைப் பக்கம்தான் கண்ணில் படும்.

இப்போது அந்த நிலை மாறி வருகிறது. மைக்ரோசாஃப்ட் தன் சர்ஃபேஸ் வரிசையில் 2014 முதல் 3:2 விகிதத்துக்கு வந்தது. டெல் நிறுவனத்தின் எக்ஸ்பிஎஸ் 13 கணினி 2020இல் 16:10க்கு மாறியது. ஆப்பிளின் மேக்புக்குகள் அதற்கு வெகு முன்பிருந்தே 16:10தான். இன்று 14 அங்குலக் கணினிகள் பலவற்றிலும் இந்த விகிதம் வந்துவிட்டது. கணக்கிட்டுப் பார்த்தால் சில வியப்பான பொருத்தங்கள் தெரியும்.

16:9 விகிதத்தில் 14 அங்குலத் திரை 31 சென்டிமீட்டர் அகலம், 17.4 உயரம். அதே 14 அங்குலம் 16:10 ஆக இருந்தால் அகலம் 30.2 ஆகக் குறைந்து உயரம் 18.8 ஆகக் கூடுகிறது. 15.6 அங்குலத்தின் உயரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு வெறும் 6 மில்லிமீட்டர். 3:2 விகிதத்தில் 13.5 அங்குலத் திரையோ 19 சென்டிமீட்டர் உயரம். 16:10 விகித 16 அங்குலத் திரை, 15.6 அங்குலத்தின் அதே 34.5 சென்டிமீட்டர் அகலத்தில், 17.3 அங்குலத் திரையின் 21.5 சென்டிமீட்டர் உயரத்தைக் கொடுத்துவிடுகிறது. எனவே பாடநூல், ஆய்வுக் கட்டுரை, நிரல் எழுதுதல் என்று மேலிருந்து கீழாகப் படிக்கும் வேலையே அதிகம் என்றால், கடைக்காரரிடம் அங்குலத்தைக் கேட்பதோடு விகிதத்தையும் கேட்க வேண்டும்.

பெரிய திரையில் அதிகம் தெரியுமா?

தெரியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் திரையில் எவ்வளவு அடங்கும் என்பதை முடிவு செய்பவை இரண்டு. ஒன்று, படப்புள்ளிகளின் எண்ணிக்கை, அதாவது பிக்சல்கள். மற்றொன்று, எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டும் 'ஸ்கேல்' என்ற அமைப்பு.

1920×1080 படப்புள்ளிகள் கொண்ட திரை 14 அங்குலத்திலும் உண்டு, 15.6 அங்குலத்திலும் உண்டு. புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றே. பெரிய திரையில் ஒவ்வொரு புள்ளியும் சற்றுப் பெரிது. இரண்டிலும் ஸ்கேல் 125% என்று வைத்தால், இரண்டிலும் அச்சு அசலாக ஒரே அளவு வரிகள்தான் தெரியும். 14 அங்குலத்தில் எழுத்து பத்தில் ஒரு பங்கு சிறிதாக இருக்கும், அவ்வளவே.

விண்டோஸ் கணினிகள் பலவற்றில் 14 அங்குலத்துக்கு 150% என்றும் 15.6 அங்குலத்துக்கு 125% என்றும் முதலிலேயே அமைந்திருக்கும். 150% என்றால் திரை 1280×720 அளவு இடம் உள்ளது போலவே நடந்துகொள்ளும். 125% என்றால் 1536×864. இந்த அமைப்பில் பார்த்தால் சிறிய திரையில் எழுத்து சற்றுப் பெரிதாகவும், பெரிய திரையில் எழுத்து சற்றுச் சிறிதாகவும் இருக்கும். கடையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் "சின்னதில் இடமே இல்லையே" என்று சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் திரை அல்ல, இந்த அமைப்புதான். இரண்டையும் ஒரே ஸ்கேலுக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும்.

தமிழில் படிப்பவர்களும் எழுதுபவர்களும் இங்கே ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்துக்கு நுணுக்கம் அதிகம். மேலே புள்ளியும் கொக்கியும், கீழே சுழிப்பும், உள்ளே வளைவுகளும் உண்டு. எழுத்து சிறுத்தால் முதலில் மறைவது புள்ளி. பிறகு ணகரத்தின் சுழி. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் தெரியத் தொடங்கும். வினாத்தாளைத் திரையில் மெய்ப்புப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். இதற்கு மருந்து பெரிய திரை என்பதைவிட நெருக்கமான படப்புள்ளிகள் என்பதே சரி. 1920×1080 என்றால் 14 அங்குலத்தில் ஓர் அங்குல நீளத்துக்கு 157 புள்ளிகள், 15.6இல் 141. மலிவான, பழைய 15.6 அங்குலக் கணினிகளில் வரும் 1366×768 திரையில் 100 மட்டுமே. அந்தத் திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தமிழ் எழுத்தின் ஓரம் படிக்கட்டுபோல் பிசிறடிக்கும். இலவசமாகக் கொடுத்தாலொழிய 1366×768 பெரிய திரையை நான் பரிந்துரைப்பதில்லை.

எடை, பை, மேசை

14 அங்குலக் கணினிகள் பொதுவாக 1.3 முதல் 1.6 கிலோ வரை இருக்கும். 15.6 அங்குலம் 1.6 முதல் 1.9 கிலோ வரை. விளையாட்டுக்கென வரும் வகை 2 கிலோவைத் தாண்டிவிடும். வித்தியாசம் கால் கிலோ, அரைக் கிலோதானே என்று தோன்றலாம். அதோடு சார்ஜர், இரண்டு புத்தகம், தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகரப் பேருந்தில் நின்றுகொண்டே ஒரு மணி நேரம் போகிற பிள்ளைக்கு அந்த அரைக் கிலோ தோளில் தெரியும். பெரிய கணினி வாங்கிய மாணவர்கள் சில மாதங்களில் அதை விடுதியிலேயே விட்டுவிட்டு வகுப்புக்கு வருவது பல கல்லூரிகளில் காணும் காட்சி.

அகலமும் ஒரு சிக்கல்தான். கைப்பலகை பொருத்திய வகுப்பறை நாற்காலியில் 36 சென்டிமீட்டர் அகலக் கணினியை வைத்தால் குறிப்பேட்டுக்கு இடம் இராது. ரயில் இருக்கையின் சிறு மேசையிலும் அப்படியே. திரையின் ஒளி மின்சாரத்தைத் தின்பது என்பதால், அதே பேட்டரியில் பெரிய திரை விரைவில் அணையும். பெரிய உடலில் பெரிய பேட்டரி வைக்க இடம் உண்டு. ஆனால் விலை குறைந்த மாடல்களில் அப்படி வைப்பதில்லை. மணிக்கணக்கை விளம்பரத்தில் பார்க்காமல், பேட்டரியின் வாட்-மணி அளவைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

பெரிய உடலுக்கு ஒரு நன்மை உண்டு: உள்ளே காற்றோட்டம். ஆட்டோகேட், முப்பரிமாண வரைபடம், காணொளித் தொகுப்பு போன்ற கனமான வேலைகளில் சிறிய கணினி சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கட்டடவியல், இயந்திரவியல் மாணவர்களுக்கு 15.6 அல்லது 16 அங்குலத்தைச் சொல்வதற்குத் திரை மட்டும் காரணம் அல்ல.

விசைப்பலகை

மேசைக் கணினியின் விசைப்பலகையில் எழுத்து விசைகள் உள்ள பகுதி ஏறத்தாழ 28.5 சென்டிமீட்டர் அகலம். 13.3 அங்குலத் திரையின் அகலம் 29.4. ஆகவே 13 அங்குலத்திலிருந்து மேலே எல்லாக் கணினிகளிலும் முழு அளவு விசைகளுக்கு இடம் உண்டு. 11.6 அங்குலத்தில் ஓர விசைகள் சுருங்கும்; தமிழ்99 முறையில் வேகமாகத் தட்டச்சு செய்பவருக்கு அது எரிச்சல்.

15.6 அங்குலத்தில் வலப்பக்கம் எண் விசைகள் வந்துவிடும். டேலியில் கணக்கு எழுதுபவருக்கும் எக்செல்லில் புள்ளிவிவரம் ஏற்றுபவருக்கும் இது பெரிய உதவி. மற்றவர்களுக்கு ஓர் இடைஞ்சல்: எழுத்து விசைகள் இடப்பக்கம் தள்ளப்படுவதால், கைகள் இடது பக்கமும் கண்கள் திரையின் நடுவிலுமாக, உடல் சற்றே திருகிய நிலையில் உட்கார வேண்டியிருக்கும். வணிகவியல் மாணவர் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். நாள் முழுதும் கட்டுரை எழுதுபவர் ஏன் பொறுக்க வேண்டும்?

கண்ணும் கழுத்தும்

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒரே கீலில் பிணைந்தவை. கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும். கழுத்துக்கு வசதியாக உயர்த்தினால் கை தொங்கும். 15.6 அங்குலம் 14 அங்குலத்தைவிட 2 சென்டிமீட்டர்தான் உயரம். அதனால் கழுத்து தப்பாது. நான்கு தடித்த புத்தகங்களின் மேல் கணினியை வைத்து, தனி விசைப்பலகை ஒன்றை இணைத்துக்கொள்வதே இதற்குத் தீர்வு. அதற்குச் சில நூறு ரூபாய் போதும்.

நாற்பதைக் கடந்தவர்கள் பெரிய திரையைக் கேட்பது கண்ணுக்காக. அதில் நியாயம் உண்டு. என்றாலும் படிப்புக் கண்ணாடி பொதுவாக 40 சென்டிமீட்டர் தூரத்துக்குச் செய்யப்படுவது. கணினித் திரை 50, 60 சென்டிமீட்டர் தள்ளி இருப்பது. எழுத்து மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் கண்ணாடியாக இருக்கும்போது, 14 அங்குலத்தை 16 ஆக்கினாலும் மங்கல் போகாது. கணினி தூரத்தைச் சொல்லிக் கண் மருத்துவரிடம் கண்ணாடி வாங்குவது முதல் வேலை.

யாருக்கு எது?

தினமும் கல்லூரிக்குத் தூக்கிச் செல்பவருக்கு 14 அங்குலம், அதுவும் 16:10 விகிதத்தில் கிடைத்தால் அதுவே. வீட்டில் ஒரே இடத்தில் இருந்து, அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் பயன்படுத்தும் குடும்பக் கணினி என்றால் 15.6 அல்லது 16. இருவர் சேர்ந்து பார்க்கவும் அது தோது. இதில் நான் தயங்குவதில்லை.

இடையில் நிற்பவர்கள் ஆய்வு மாணவர்களும் மென்பொருள் பயில்வோரும். வெளியிலும் வேண்டும், இரண்டு சாளரங்களை அருகருகே திறந்தும் வைக்க வேண்டும். அவர்கள் 14 அங்குலக் கணினியையும் அறையில் ஒரு 24 அங்குலத் தனித் திரையையும் வைத்துக்கொள்வது நல்லது. அந்தத் திரை 53.1 சென்டிமீட்டர் அகலம், 29.9 சென்டிமீட்டர் உயரம். இரண்டு ஏ4 பக்கங்கள் உண்மை அளவில், பக்கத்தில் பக்கமாக அடங்கிவிடும். எந்த மடிக்கணினியாலும் இது முடியாது. பழைய திரை ஒன்று மலிவாகக் கிடைத்தாலும் போதும். வீட்டுத் தொலைக்காட்சியையே எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்துச் சமாளிப்பவர்களும் உண்டு.

கடைக்குப் போகுமுன், இரண்டு அட்டைகளை 31×17.4, 34.5×19.4 சென்டிமீட்டர் அளவில் வெட்டி, பயன்படுத்தப்போகும் மேசையில் நிறுத்திப் பாருங்கள். பையிலும் நுழைத்துப் பாருங்கள். திரையைச் சுற்றி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில், நாம் வழக்கமாகப் படிக்கும் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து, உட்கார்ந்த நிலையில் படிக்க வேண்டும். தலையைச் சற்று மேலும் கீழும் அசைக்கும்போது நிறம் வெளுத்தால் அது தரம் குறைந்த திரை. அளவு பெரிதாக ஆக இந்தக் குறை அதிகமாகத் தெரியும்.

இணையத்தில் வாங்குபவர்கள் விவரப் பட்டியலில் வரும் சுருக்கங்களைப் பார்க்க வேண்டும். வெறும் 'எச்டி' என்றிருந்தால் பெரும்பாலும் 1366×768. 'எஃப்எச்டி' என்பது 1920×1080, அதாவது 16:9 விகிதம். 'டபிள்யூயூஎக்ஸ்ஜிஏ' அல்லது 'எஃப்எச்டி பிளஸ்' என்றிருந்து பக்கத்தில் 1920×1200 என்ற எண்ணும் இருந்தால், அது 16:10 விகிதத் திரை.