பொயின்ற்ஸில் ஊருக்கு

ரொறன்ரோவில் இருந்து அனலைதீவு ஐயனார் கோயிலுக்கு ஒரு குடும்பமே வந்திறங்குவதென்றால், ரிக்கற் காசை நினைக்கவே தலை சுத்தும். அதனால் மரக்கறி, பெற்றோல் எல்லாவற்றையும் கடனட்டையில் வாங்கி எயார் கனடாவின் 'எயரோபிளான்' பொயின்ற்ஸ் சேர்த்து, அதில் ரிக்கற் எடுக்கிறவர்களும் உண்டு. அப்பாவிடம் கொஞ்சம், மகளிடம் கொஞ்சம் என்று சிதறிக் கிடப்பதை 8 பேர் வரை ஒன்றாகக் கூட்டலாம், கெட்டித்தனம் அதில்தான். ஸ்ரார் அலையன்ஸ் என்ற விமானக் கூட்டணியில் கூட்டாளியான எயார் இந்தியாவில் டெல்லி வழியாகக் கொழும்புக்கு வரவும் அதே பொயின்ற்ஸ் செல்லும். வரியையும் கட்டணங்களையும் காசாகக் கட்டவேணும்.

யூலை, ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில் பொயின்ற்ஸுக்கு இருக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு. மாதக்கணக்கில் முந்திப் பாருங்கோ. அட்டையை நிறுத்திவிட்டு 18 மாதம் கணக்கைத் தொடாமல் விட்டால், சேர்த்தது காலாவதியாகிவிடும். மாதாமாதம் முழுக் கடனையும் கட்ட முடியாதவர்களுக்கு இந்த விளையாட்டே வேண்டாம். அட்டை வட்டி அங்கே சுமார் 20 வீதம்.

இன்னொன்று, ஊர்காவற்துறையில் அனலைதீவுக்குப் படகேற முன்னம், படகுக் காசுக்கு ரூபாய்த் தாள் சிலதைச் சட்டைப்பையில், தண்ணி தெறிக்காமல், வைத்திருங்கோ.